சிரிக்கவும்

வட்டத்துக்குள் முகத்தை வை என்கிறது போன்.
வட்டமில்லை அது, முட்டை.
எவுதீமியோவின் கல்லறையில் பதித்த
பீங்கான் படத்துக்கும் இதே வடிவம்தான்.
அதற்குள் முகம் வைத்த பிறகு
அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

என்னிடம்தான் கேட்கிறார்கள்.
தோர்வலீனா, எழுபத்தாறு வயது, மராஜோ தீவு.
நீ உயிரோடிருப்பதை நிரூபி.

சிக்னல் கிடைப்பது
படகுத்துறையின் கடைசி மிதவையில் மட்டும்,
அதுவும் ஆற்றில் நீர் ஏறி
மிதவையைத் தூக்கிப் பிடிக்கும் அரைமணி நேரம்.
விடியாத ஐந்து மணிக்கு
பக்கத்து வீட்டு வண்டர்லேய் டார்ச் அடிக்கிறான்.
கொசுக்களுக்கு என்மேல் சந்தேகமே இல்லை.
வந்து, குத்தி, ருசி பார்த்து
உயிர்ச்சான்று எழுதிக்கொண்டு போகின்றன.

இடப்பக்கம் திரும்பவும். திரும்பினேன்.
கண்களை இமைக்கவும். இமைத்தேன், ஒன்றை.
சிரிக்கவும்.

போன ஜூனில் மரவள்ளி மாவு வறுத்துக்கொண்டிருந்தபோது
என் முகத்தில் பாதி
சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டது.
பனங்குருத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில்
முப்பத்தொரு வருடம் நின்றேன், நான் அப்படி நிற்கவில்லை.
(வேலைப் புத்தகத்தில் நாலு வருடம்தான் இருக்கிறது.
மீதியை முதலாளி
எழுத மறந்தே செத்துப்போனார்.)

முகம் பொருந்தவில்லை.
வெளிச்சமான இடத்தில் மீண்டும் முயலவும்.

பதினேழு வயதில்
அடையாள அட்டைக்குப் படமெடுத்தவன்
தாடையை நிமிர்த்திவிட்டுச் சொன்னான்:
சிரிக்காதே பெண்ணே, இது அரசாங்கக் காகிதம்.
எனக்கானால் அன்று சிரிப்பு அடங்கவில்லை.
முதல் டவுன், இரவல் செருப்பு,
அவன் மூக்கில் ஒட்டியிருந்த பவுடர்.
உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்,
ரத்தம் உப்புக் கரித்தது.
அன்று வேண்டாம் என்றவர்கள்
இன்று கேட்கிறார்கள்.
எங்கே வைத்தேனோ.

பணம் நின்று மூன்று மாதம்.
ஓஸ்மரீனோவின் கடைநோட்டில்
என் பெயருக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியாயிற்று.
ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கத்தியால் பாதியாக்குகிறேன்,
பாதி முகத்துக்குப் பாதி போதும் என்று.

படகில் தொங்குமஞ்சம் கட்டி எட்டு மணி நேரம் போனோம்.
டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
என் முன்னாலேயே வண்டர்லேயிடம் கேட்டாள்:
இவங்களுக்குக் காது கேட்குமா?
கேட்கும் என்றேன் நான்.
அதையும் அவனைப் பார்த்தே குறித்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்:
போனில் மூன்று தடவை தோற்றவர்களுக்கு மட்டும்தான்
இங்கே நேரில் பார்ப்போம்.
நீங்கள் இரண்டு தடவைதான் தோற்றிருக்கிறீர்கள்.

இதோ இருக்கிறேனே அம்மா,
கண்ணாடியில் என் மூச்சு படிந்திருக்கிறதே என்றேன்.
துணி எடுத்துத் துடைத்தாள்.
கெட்டவள் இல்லை. அவளுக்கும் அன்று
சாப்பிட நேரம் கிடைத்திருக்காது.

ஆக, ஒருமுறை ஒழுங்காகத் தோற்றுவிட்டு வரலாமென்று
எட்டு மணி நேரம் திரும்பி வந்தோம்.

இன்று மூன்றாவது தடவை.
முட்டைக்குள் முகத்தை வைத்தேன்.
சிரிக்கவும் என்றது.
தோற்பதற்காக இவ்வளவு தூரம் வந்ததை நினைத்ததும்
வாயின் வலது ஓரம் தானாக மேலேறியது.
இடது ஓரம் அசையவில்லை, பார்த்துக்கொண்டிருந்தது.
வண்டர்லேய்க்கும் தொற்றி
டார்ச் வெளிச்சம் ஆற்றுமேல் குலுங்கியது.

முட்டை சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
காலுக்கடியில் மிதவை ஒரு விரற்கடை இறங்க
சிக்னல் போயிற்று.

ஜெயிக்கவில்லை. தோற்கவுமில்லை.
கணக்கில் இன்னும் இரண்டுதான்.

இப்போ என்ன செய்யறது என்றான்.
இன்று நீர் ஐந்துக்கு ஏறியது.
நாளை ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏறும்.
கொஞ்சம் வெளிச்சமும் இருக்கும்.