சாவா நதிக்கரையில் காலாவதி

அந்த நதியின் பெயர் சாவா.
ஸ்லோவேனிய மொழியில் அதற்கு என்ன பொருளோ,
தமிழில் எழுதியவுடன்
சாகாததாகிவிடுகிறது.
அதன் கரையில் உட்கார்ந்துதான்
மாத்திரைகள் எப்போது சாகும் என்று
கணக்கெடுக்கிறாள் மிலோய்கா.

நாற்பது டிகிரி. ஈரப்பதம் எழுபத்தைந்து.
ஆளுயர எஃகுப் பெட்டிக்குள் ஒரு பொய்க் கோடை.
வெளியே முழங்கால் அளவு பனி.
உள்ளே வரிசையாக நின்று வேகின்றன
ஆஸ்பிரின் புட்டிகள்.
பத்து டிகிரி ஏற்றிவிட்டால்
இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ
ஓட்டமெடுக்கும் சிதைவு.
ஆறு மாதம் போதும்,
இரண்டு வருடத்தை
முன்கூட்டியே கெட்டுப் பார்க்க.

பேருந்தைத் துரத்திப் பிடிப்பவள்தான்.
அடுப்பில் பால் வைத்தால்
பக்கத்தில் நிற்கப் பொறுக்காது அவளுக்கு.
ஆனால் இங்கே வந்த முதல் வருடம்
சலிக்காமல் எல்லாவற்றையும் கெடுத்துப் பார்த்தாள்.
முழு மாத்திரை நீரில் சோம்பிக் கிடந்தது;
இடித்துப் போட்டதும் பொடிக்கு எத்தனை முகம்,
அத்தனை முகத்திலும் நீரின் வாய்.
ஒரு துளி காரம் விட்டாள்,
மதகு திறந்ததுபோல் போயிற்று.
லேசான புளிப்பில் வைத்தால்
மறுபடி சோம்பல்.

கண்ணுக்கு எதுவும் தெரியாது.
வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.
மூடியைத் திறந்தால் மெல்ல ஒரு வினிகர் வாடை.
மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆனால்
மூக்கை அறிக்கையில் ஒட்ட முடியாது.
ஆகவே சில துளி ஃபெரிக் குளோரைடு.
உடைந்தவை மட்டும் ஊதாவாகும்.
அதன் ஊடே ஒளியை அனுப்பி
விழுங்கியதுபோக மிச்சத்தை எண்ணும் கருவி.
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு.
ஒவ்வொரு தவணைக்கும் தாளில் ஒரு புள்ளி.
கோடு எவ்வளவு சாய்கிறதோ
அவ்வளவு வேகம்.

மூன்றாம் மாதப் புள்ளி
கோட்டைவிட்டு எம்பி நின்றது.
கத்தரிப்பூ நிறம் வரவேண்டிய குழாயில்
நாவற்பழச் சாறு.

வோய்கோ வந்தான். வெள்ளிக்கிழமை அறிக்கை போயாக வேண்டும்.
காபிக் கோப்பையை வரைபடத்தில் வைத்தான்,
சரியாக அந்தப் புள்ளியின் தலையில்.
"இது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான கோடு!
உன் கை தவறியிருக்கும்."

தவறியிருக்கலாம்தான்.
மறுபடி அளந்தாள்.
மறுபடி நாவல்.

பிறகு காலிப் புட்டியின் மூடியை
விளக்கடியில் மெதுவாகத் திருப்பினாள்.
புருவ மயிர் அளவு ஒரு விரிசல்.
மூன்று மாதமாக ஈரம்
யாரிடமும் சொல்லாமல் போய்வந்திருக்கிறது.
அதே அச்சில் வார்த்த நாற்பது மூடிகளைக்
கிடங்கில் சண்டைபோட்டு வாங்கினாள்.
நான்கில் இருந்தது.

கோப்பையை நகர்த்தினாள்.
காபி வட்டம், நடுவில் புள்ளி.
வேறு தாளில் வரையவில்லை,
அப்படியே நகலெடுத்து இணைத்தாள்.

மூடி மாறும்வரை பதினெட்டு மாதம் என்று அச்சானது.
இருபத்துநான்கு இல்லை.
வோய்கோ இரண்டு வாரம் வணக்கம் சொல்லவில்லை.

எங்கோ ஒரு குளியலறை அலமாரியில்
பத்தொன்பதாம் மாதத் தலைவலிக்காரர்
தேதியைப் பார்த்துத் திட்டிவிட்டுக் குப்பையில் எறிவார்.
இன்னொரு வீட்டில் இன்னொருவர்
நேற்று வாங்கிய புட்டியைத் திறப்பார்.
வாடை அடிக்காது.
அடிக்காத வாடையை
யார் கவனிக்கப் போகிறார்கள்?

அன்று மாலை மிலோய்கா
பேருந்தைத் துரத்திப் பிடித்தாள்.
வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து
சன்னலோரம் ஏதோ நினைவில் நின்றாள்.
பால் பொங்கி வழிந்தது.