செவ்வாய்க்கிழமை வண்டி

வசூலுக்குப் போகிறவன் வண்டியில்
முதலில் சாவது சைலன்சர்தான் என்றார் அமல்தாஸ்,
செக்காலை ரோட்டுப் பட்டறையில்
என் ஸ்பிளெண்டரை ஒருக்களித்து வைத்துக்கொண்டு.
வீட்டுக்கு வீடு நிறுத்துறீங்க,
குழாய் சூடேறுறதுக்குள்ள அணைச்சிடுறீங்க,
புகையோட வந்த ஈரம் காயாம உள்ளயே கெடக்குது.
மேல பளபளன்னுதான் இருக்கும்.
அரிப்பு உள்ளருந்து வரும்.

ஸ்பானரால் தட்டினார்.
வறுத்த மிளகாய்த் தோல் போல உதிர்ந்தது.

இது எதுக்குத்தான் இருக்கு என்று கேட்டுவைத்தேன்.
மூலையில் கிடந்த பழையதை வாள் போட்டுப் பிளந்தார்.
அறை. அறைக்கு அப்பால் அறை.
ஊடே பொத்தல் பொத்தலாய்க் குழல்கள்.
கானாடுகாத்தான் வீடு பாத்திருக்கீங்கள்ல,
முகப்பு இந்தத் தெருவுல, கொல்லைக் கதவு அடுத்த தெருவுல.
கத்திக்கிட்டே நுழையுறவன்
வளவு தாண்டி, ரெண்டாங்கட்டு தாண்டி,
அடுப்படி தாண்டி வெளிய வர்றதுக்குள்ள
எதுக்குக் கத்துனோம்னே மறந்துபோவான்.
வெடியையும் அப்படி நடக்கவிட்டுக் களைக்க வைக்கணும்.

மூன்றை எடுத்துப் போட்டார்.
கம்பெனிச் சாமான்: என் ஒரு மாதப் பெட்ரோல் படி.
கோயம்புத்தூர் செய்கை: பாதி விலை, மூணு மழை தாங்கும்.
மற்றது போலீஸ் கழற்றவைத்த ஒரு கல்லூரிப் பையனின் குட்டைக் குழாய்.
எட்டிப் பார்த்தேன்.
உள்ளே வீடே இல்லை. வாசலும் கொல்லையும் ஒன்றுதான்.
சும்மாவே எடுத்துக்கங்க,
ஊருக்கே கேக்கும், ஆனா இழுவை இருக்காது.

மேனேஜர் போனில் சொன்னார்:
கம்பெனியே போடு, பில்லை ஆபீஸ்ல குடு.
நீ கண்மாய்க்கரை ஏறுறப்பவே
குழுப் பொம்பளைங்க கதவைச் சாத்திடுறாங்களாம்.

ஐந்து மாதமாக நான் நினைத்திருந்தேன்,
செவ்வாய்க்கிழமையானால் அந்த ஊரே
நூறுநாள் வேலைக்குப் போய்விடுகிறது என்று.

புதிதை மாட்டிக்கொண்டு புதுவயல் தாண்டி
கருவேலங்காட்டுக்குள் இறங்கினேன்.
செயின் உரசுவது கேட்டது.
மடியில் ரசீதுப் புத்தகம் படபடப்பது கேட்டது.
பாதையோரக் கௌதாரி தலை தூக்கவில்லை.

பூமயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
பழைய சோறு, கிள்ளிய கருவாடு.
ஒளிந்துகொள்ள எழுந்த சின்ன மகள்
எங்கே ஓடுவதென்று தெரியாமல்
நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.
முகத்தை மாற்றிக்கொள்ளப் பூமயிலுக்கு நேரமில்லை.
வண்டி மாத்திட்டீங்களா சார்?
அரிசி டப்பாவிலிருந்து முந்நூற்று எண்பது வந்தது.
நோட்டோடு இரண்டு அரிசியும் வந்தன.
ரசீதில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்த வாரத்திலிருந்து
கண்மாய்க்கரை தொடங்கும் இடத்தில்
இரண்டாவது கியருக்கு இறக்கிவிடுகிறேன்.
முறுக்கிப் பிடித்து,
கம்பெனிச் சாமானும் அடக்க முடியாமல் திணற,
மாட்டுவண்டி வேகத்தில் ஏறுகிறேன்.
பூமயில் வீடு சாத்தியிருக்கிறது.
'ஆள் இல்லை' என்று நான் எழுதும்போது
உள்ளே ஒரு தட்டு நகர்கிறது.

அமல்தாஸுக்குத்தான் பிடிபடவில்லை.
புதுச் சைலன்சர், எஞ்சின்லயும் கோளாறு இல்ல,
லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் எங்கதான் போகுது?
ரோடு சரியில்லை என்றேன்.