அரை மாத்திரை

பக்கத்தின் உச்சியில் அச்சடித்திருக்கிறது:
'தளர்வாக. இப்போதுதான் தோன்றியதுபோல.'
கீழே பதினொரு பக்கம்,
ஒரு சுரம் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.
தோன்றுவதற்கு எனக்கு என்ன மிச்சம்?

எழுதியவரும் என் மாதிரிதானாம்,
பரீட்சை எழுதிப் பியானோ படித்தவர்.
ஏதோ ஊரில் ஒரு மதுக்கடை வாசலில் நின்று
உள்ளே வாசித்ததைக் கேட்டுவிட்டு
வீட்டுக்கு வந்து கோடு கிழித்து எழுதினாராம்.
உள்ளே போனாரா என்று முன்னுரையில் இல்லை.

பசுமலையில் மார்ச்சிலேயே புழுக்கம்.
பியானோவின் நடு மி அழுத்தினால் எழாது,
நகத்தால் கிள்ளித் தூக்க வேண்டும்.
ட்யூனர் சென்னையிலிருந்து டிசம்பரில்தான் வருவார்.
எனக்கு எட்டு கிரேடும் டிஸ்டிங்ஷன்,
ஞாயிறுதோறும் இரண்டு ஆராதனை.
முந்திவிட்டாய் என்றோ பிந்திவிட்டாய் என்றோ
முப்பது வருஷமாக ஒருவரும் சொன்னதில்லை.

ஸ்விங் என்றால் என்னவென்று படித்தேன்.
இரண்டு சுரம் சமமாக எழுதியிருக்கும்.
முதலாவதை நீட்டு, அடுத்ததைக் குறுக்கு.
எவ்வளவு?
இரண்டுக்கு ஒன்று என்றது ஒரு புத்தகம்.
பதினொரு பக்கமும் பென்சிலால்
மூன்று மூன்று மூன்று என்று போட்டுக்கொண்டேன்.
மெட்ரோனோமை முடுக்கிவிட்டு வாசித்தேன்.
சரியாக வந்தது.
பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி
'ஐயா, யான் அரசரடிக்குச் செல்லுதல் வேண்டும்' என்று
ஆட்டோக்காரரிடம் கேட்பதுபோல்
அவ்வளவு சரியாக.

தவசி வந்தான். கல்யாணக் கச்சேரிகளில் பேட் வாசிப்பவன்.
ஆம்ப்ளிஃபயர் இரவல் கேட்க வந்தவன்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டான்.
'விழுந்து விழுந்து சிரிக்கிறீங்க டீச்சர்.
ஆனா எத்தனை தடவைன்னு எண்ணிக்கிட்டே சிரிக்கிறீங்க.'

மறுநாள் எண்ணாமல் வாசித்தேன்.
தோளைக் குலுக்கினேன். காலால் தரையைத் தட்டினேன்.
வலதுகையை வேண்டுமென்றே பிந்தவிட்டேன்.
டப்பிங் படத்தில் வாய் அங்கிட்டுப் போக
வசனம் இங்கிட்டுப் போகுமே,
அது.
மூடியை இறக்கிவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி நின்றதும் மேல்வீடு கேட்டது.
சஞ்சனாவுக்கு நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை,
மாடிப்படியில் உட்கார்ந்து ஒப்பிக்கிறாள்.
நாடு. எஃகு. வரகு. கொக்கு. பந்து. சால்பு.
கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து குறைந்து
அரை மாத்திரையாய் ஒலிக்கும்.
நாடு. எஃகு. வரகு.

எழுதும்போது முழுசாகத்தான் எழுதுகிறோம்.
எந்தப் பிள்ளைக்கும் யாரும் அளந்து காட்டியதில்லை,
காசு என்று முதல்முறை கேட்கும்போதே
அது குறைத்துத்தான் கேட்கிறது.
நாவுக்கு இரண்டு, டுவுக்கு அரை,
அப்படியானால் நாலுக்கு ஒன்று என்று
கை பென்சிலைத் தேடியது.
சீ, என்று கையை இழுத்துக்கொண்டேன்.

பாட்டு, என்று சொல்லிப் பார்த்தேன். பாட்டு.
எரிச்சலில் சொன்னால் அந்த உ இன்னும் சுருங்குகிறது.
பூண்டு விற்கிறவர் தெருமுனையில் கூவினால்
ஒன்றையும் தாண்டிப் போகிறது.

அந்த மதுக்கடையை நான் பார்த்ததில்லை.
அந்த ஊர்க்காரிபோல் பேச எனக்கு வராது,
வந்தால் அதுவும் டப்பிங்.
ரப்பரை எடுத்து மூன்றுகளை அழித்தேன்.
தூள் கட்டைகளின் இடுக்கில் விழுந்து
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
குறுக வேண்டிய சுரங்களின் தலையில் மட்டும்
சின்னதாக ஓர் உ.

சனிக்கிழமை கல்லூரி ஹாலில்
நான் தலையசைத்தால் பக்கம் புரட்டத்
தவசி பக்கத்தில் உட்கார்ந்தான்.
தாளைப் பார்த்தான். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தான்.
'என்ன டீச்சர்,
பக்கத்துக்கு நாப்பது பிள்ளையார் சுழி?'

சிரிப்பு அடங்கும் முன்பே
இடதுகை ஆரம்பித்திருந்தது.