கால் சுற்று

விசாரணைத் தாளில் ஒரே வரி:
"இயக்குபவரின் கவனக்குறைவு."
இயக்குபவர் உர்வே.
எஸ்தோனியாவின் தென்கோடியில்
ஒரு பால் ஆலையில் இரவுப் பணி.
ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.

வால்வு என்னுடையது.
வரைபட எண் நாற்பத்தேழு, ஓரத்தில் என் கையெழுத்து.

ஒரு குழாய் உள்ளே வரும், இரண்டு வெளியே போகும்:
இடப்புறம் பாலாடைக்கட்டித் தொட்டி,
வலப்புறம் சாக்கடை.
நடுவே கூம்பாக ஓர் எஃகுக் கட்டை,
அதன் வயிற்றில் ட போல வளைந்த துளை.
கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால்
ட புரண்டு படுக்கும்,
பால் வழி மாறும். அவ்வளவுதான்.

நான் பெருமைப்பட்ட விஷயம் வேறு.
பாதி திருப்பிவிட்டு மறந்துபோனால்?
பழைய வால்வுகளில் இருபக்கமும் கசியும்,
கழுவிய காரநீர் பாலோடு உறவாடும்.
துளையை இரண்டு மில்லிமீட்டர் குறுக்கினேன்.
இனி இரண்டுங்கெட்டான் நிலையில்
யாருக்கும் எதுவும் இல்லை.
பம்ப் மட்டும் முனகும்.
பம்ப் கம்பெனிக்காரர் இரண்டு கடிதம் போட்டார்.
முனகட்டும் என்றேன்.

கைப்பிடியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

கழுவும்போது அதைக் கழற்ற வேண்டும்.
தண்டின் தலை சதுரம்,
கைப்பிடியின் துவாரமும் சதுரம்.
எப்படி மாட்டினாலும் உட்காரும்,
நான்கு முறையும் சரி என்றே சொல்லும்.
அதில் மூன்று பொய்.

உர்வே கழுவினாள், துடைத்தாள், மாட்டினாள், திருப்பினாள்.
அம்புக்குறி தொட்டியைக் காட்டியது.
அம்புக்குறியை நம்பினாள்.
நம்பத்தானே அதை நான் செதுக்கியது.

ஆயிரத்து இருநூறு லிட்டர்.
விடிந்தபோது ஆலைக்குப் பின்னால் ஓடையில்
பனிக்கட்டிக்கு அடியில் வெள்ளையாய் ஏதோ நகர்ந்தது.
மேலே ஒரு பூனை
உறைந்த தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது,
விடாமல்.

பேருந்து பிடித்துப் போனேன்.
உர்வே அதிகம் பேசவில்லை.
தன் ரப்பர் கையுறைகளை நீட்டினாள், போட்டுக்கொண்டேன்.
கைப்பிடியைக் கொடுத்து விளக்கை அணைத்தாள்.
"மாட்டுங்கள்."
மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.
"இப்போது பால் எங்கே போகும்?"

இருட்டில் குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன.
வரைந்தவன் நான்.
எனக்குத் தெரியவில்லை.

சதுரத்தின் ஒரு மூலையைச் சீவினேன், மூன்று மில்லிமீட்டர்.
துவாரத்திலும் அதற்கேற்ற மொண்ணை.
இனி ஒரே ஒரு விதமாகத்தான் ஏறும்,
மற்ற மூன்றுக்கும் முரண்டு பிடிக்கும்.
ஒரு வால்வுக்குப் பதினொரு நிமிடம் கூடுதல் என்று
பட்டறையில் முகம் சுளித்தார்கள்.
வரைபடத்தில் மாற்றத்துக்கான காரணம் எழுத
ஒரு சின்னக் கட்டம் உண்டு.
"கவனக்குறைவு" என்று எழுதினேன்.
பக்கத்தில் என் பெயர்.

புதிய கைப்பிடியையும் தண்டையும்
உர்வேக்குப் பார்சலில் அனுப்பினேன்.
மூன்று வாரம் கழித்து ஓர் அட்டை வந்தது:
இருட்டிலும் மாட்டிப் பார்த்தேன், சரி.
பம்ப் இன்னும் முனகுகிறது.