நாற்பத்தொன்றாம் இதழில் மழை

சாம்பல் நாரைக்கு எந்தக் கண் குருடு?
இடது.
ஏழாம் இதழ், பதினான்காம் பக்கம்,
வெடித்த கொதிகலனிலிருந்து தெறித்த ஆணி.
எழுபத்திரண்டில் வலது கண்.
தொண்ணூறில் இரண்டு கண்ணாலும்
கதவோரம் நிற்பவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கூட
கொஞ்சம் சோறாவது அள்ளிப்போட வேண்டும்.
இவர்கள் வெறும் தட்டில் வைத்துவிட்டு
எந்தப் பூசணி என்கிறார்கள்.

நான் டுலூத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
விடியற்காலை மூன்று மணி,
ஏரியிலிருந்து செங்குத்தாக ஏறும் தெருக்கள்.
நான் ஒதுக்கிய பனி
ஒதுக்கிய இடத்திலேயே கிடக்கும், ஏப்ரல் வரை.
அதனால்தானோ என்னவோ
நடந்தது நடந்ததாகவே இருக்க வேண்டும் எனக்கு.

அலமாரியில் ஆறு செருப்புப் பெட்டிகள்,
பெட்டி நிறைய அட்டைகள்.
தங்கை கிளாரா: நாற்பத்தொன்றில் இறந்தாள்.
நூற்றுப் பன்னிரண்டில்
நெடுஞ்சாலை உணவகமொன்றில் காபி ஊற்றுகிறாள்.
இருநூற்று மூன்றில்
"நான் ஒரே பிள்ளை" என்கிறான் நாரை,
நாக்கில் நரம்பில்லாமல்.

நாற்பத்தொன்று வந்தபோது எனக்குப் பதினொரு வயது.
அண்ணன் காதில் விழாதிருக்க
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
இப்போது சொல்லுங்கள்,
அன்று அந்தக் குளியலறையில்
யாருக்காக ஓடியது அவ்வளவு தண்ணீர்?

"அது வேறு பிரபஞ்சம், ஐலா"
என்பான் கடைக்கார வென்டெல்.
எதற்கும் ஒரு பிரபஞ்சம் வைத்திருப்பான்,
குழாய் ரிப்பேர்காரன் பையில் வாஷர் வைத்திருப்பதுபோல.

பதினொரு கடிதம் போட்டேன்.
ஒன்றுக்குப் பதில் வந்தது.
நாரையே கையொப்பமிடும் படம் போட்ட அட்டை:
உங்கள் அன்புக்கு நன்றி.
வலது கையால் எழுதுகிறான்.
அவன் இடது கைக்காரன்.

அக்டோபரில் மினியாபொலிஸ்,
ஓட்டல் கூடத்தில் நாற்பது நிமிட வரிசை.
புதிதாக எழுத வந்தவர், டெஸ்மண்ட் ஆக்லி,
ஆறிப்போன சாண்ட்விச்சும் சிவந்த கண்களுமாக.
கேட்க வேண்டியதையெல்லாம்
மூன்று மணி நேரம் காரில் சொல்லிப் பார்த்திருந்தேன்.
அவர் சொன்னார்:
"நாற்பத்தொன்றை நான் படித்ததே இல்லை.
அலுவலகத்திலும் பிரதி கிடையாது.
எப்படி இறந்தாள்? சொல்லுங்களேன்."

பைத்தியம் என்று நினைப்பார்களே என்று
அட்டைகளைக் காரிலேயே விட்டிருந்தேன்.
மனதிலிருந்து சொன்னேன்.
தூக்குப் பாலம்.
அறுந்த கம்பி.
அவன் பிடியில் மிஞ்சிய ஒற்றைக் கையுறை.
பின்னால் யாரோ செருமினார்கள்.
பனி கொட்டிக்கொண்டிருந்தது, என்றேன்.
அவர் சாண்ட்விச் சுற்றிய தாளில் குறித்துக்கொண்டார்.

மார்ச்சில் வந்தது முந்நூற்றுப் பதினெட்டு.
லாரியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் படித்தேன்.
கிளாரா மறுபடி இருந்தாள்,
இருந்ததால் இறந்தாள்.
பாலம், கம்பி, கையுறை.
இரண்டு பக்கம் முழுக்க, ஒரு சொல் இல்லாமல், பனி.
இந்த முறை திறந்துவிடக் குழாய் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய இதழை எடுத்தேன்.
மழை.
கட்டத்துக்குக் கட்டம் சாய்ந்த கோடுகள்.
கையுறையின் விரல் நுனியில்
ஒரு துளி, விழாமல்.
என் அட்டையிலும் மழை,
பதினொரு வயதுக் கையெழுத்தில்.

பனி எங்கிருந்து வந்தது?
இருபத்திரண்டு குளிர்காலம்
என் முன்கண்ணாடியில் வைப்பர் தள்ளித் தள்ளி
மறுபடி மறுபடி வந்த பனி.

மே மாத இதழில் வாசகர் பக்கம்.
ஃபார்கோவிலிருந்து ஒருவர் கொதிக்கிறார்:
நாற்பத்தொன்றில் மழை!
படிக்காமலா எழுதுகிறீர்கள்?
எங்கள் ஞாபகத்துக்கு மரியாதையே இல்லையா?
ஒவ்வொரு வரியும் நான் எழுதியிருக்க வேண்டியது.

புது அட்டை எடுத்தேன்.
318. பனி. பிழை.
யாருடையது என்ற இடத்தில்
ஐலா கோஸ்கினென்.

பிறகு ஒரு தாள்.
அன்புள்ள ஃபார்கோ நண்பருக்கு,
நீங்கள் சொல்வது சரி. ஆனாலும்
அது வேறு