கடைசியாகப் பார்த்தது

மஞ்சக்குப்பத்தில் மாடி அறை.
கீழே லேமினேஷன் கடை,
நாள் முழுக்கச் சூடான பிளாஸ்டிக் வாசனை.
மேலே நான் ஒரு சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கோ ஒரு சர்வர் மூச்சுத் திணறும்போது
இங்கே ஒரு கைப்பேசி
எந்தச் சிவப்பில் விழிக்க வேண்டும்?
இருபத்திரண்டு சிவப்புகளைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.
மிளகாய், செங்கல், ஆட்டோ பின்விளக்கு,
பெயர் வைக்க முடியாத சில.

நஜ்முதீனைக் கேட்டேன்.
முதுநகர்க்காரர். கம்பெனி பெங்களூரில்,
சர்வர்கள் மும்பையில் (அவரும் பார்த்ததில்லை),
தூக்கம் மட்டும் கடலூரில்.
வாரம் விட்டு வாரம் இரவுக் காவல்.
"சிவப்பே வேணாங்க" என்றார்.
"மூணு பன்னண்டுக்கு அடிக்கும்.
வலது கை மேல பாப்பா தலை இருக்கும்.
இடது கட்டைவிரல் ஒண்ணுதான் எனக்குச் சொந்தம்.
ஒரு கண்ணைத்தான் திறப்பேன்.
ரெண்டையும் திறந்துட்டா
அப்புறம் தூக்கம் வராது."

அன்றைக்கு அழித்தவை:
மூன்று வரைபடங்கள், ஒரு சுழலும் வட்டம்,
நான் ரொம்பவும் ரசித்து வரைந்த மேகம்.
ஐப்பசி கார்த்திகையில்
மேகத்தை அழகென்று சொன்னால்
இந்த ஊரில் முறைப்பார்கள்.
பொத்தான் இடது மூலைக்கு இறங்கியது,
பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு.

அதில் என்ன எழுதுவது?
'ஏற்கப்பட்டது' என்றால் தாலுகா ஆபீஸ் முத்திரை.
'பார்த்தேன்' என்றால் பார்த்துவிட்டுத் தூங்கிவிடலாம்.
'பார்க்கிறேன்' என்று வைத்தேன்.
கோடு எழுதும் இன்பக்கொடி சிரித்தாள்.
"என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க
பஜ்ஜி சாப்பிட்டுட்டு
வாசல்ல சொன்னதும் அதான்."
மாற்றவில்லை. அப்படியே விட்டேன்.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள்.
ஒன்று. மறுநாள் மூன்று.
வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை,
மீன் கூடையோடு போனவர்
நடக்கிற நடையிலேயே அண்ணாந்து படித்துவிட்டுப் போனார்.
பொறாமையாக இருந்தது.
ஆனால் வெறும் கம்பம் என்ன சொல்கிறது?
புயல் இல்லை என்றா,
ஏற்றுகிற ஆள் இன்னும் வரவில்லை என்றா?
அன்று இதை யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

காற்று வந்த இரவில்
கரண்ட் போனது, பிறகு டவர் போனது.
மும்பையில் ஏதோ ஒரு டேட்டாபேஸ் நிரம்பி வழிந்து
யார் யாரோ பணம் கட்ட முடியாமல் நின்றார்கள்.
நஜ்முதீனின் கைப்பேசி
நான்கு மணி நேரம்
'எல்லாம் நலம்' என்றது,
என் பச்சையில்.
வேப்பந்தளிர் பார்த்து நான் கலந்த பச்சை.
ஏழு மணிக்கு சிக்னல் திரும்பியதும்
இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கை
ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருக்கிறது.

அவர் திட்டவில்லை.
"கலர் நல்லா இருந்துச்சு" என்றார்.

சுவரிலிருந்து சிவப்புகளைப் பிய்த்தேன்.
பதினோரு நாள் அந்தப் பச்சையோடு உட்கார்ந்தேன்.
இப்போது அது நிமிடத்துக்கு நிமிடம் வெளுக்கிறது,
மொட்டை மாடிக் கொடியில் மறந்த சட்டை போல.
பத்தாவது நிமிடம் சாம்பல்.
அடியில் ஒரு வரி:
கடைசியாகப் பார்த்தது, நாற்பத்தொரு நிமிடம் முன்பு.

"ஒண்ணும் தெரியலன்னு சொல்றதுக்கா
ஒரு முழு ஸ்கிரீன்?" என்றாள் இன்பக்கொடி.
ஆமாம்.
கிளையண்ட்டும் அதையேதான் கேட்டார், ஆங்கிலத்தில்.

தை மாதம். நஜ்முதீனின் வாரம்.
சோதனைக்காக என் கைப்பேசியிலும் அதே மணி.
மூன்று பன்னிரண்டு.
ஒரு கண்ணைத் திறந்தேன்.
அவர் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளி துடித்தது, பிறகு எழுத்து வந்தது:
பார்க்கிறேன்.

எந்தப் பார்க்கிறேன் என்று
திரையில் காட்ட வழியில்லை.
முதுநகரில் ஒரு கட்டைவிரல் இப்போது
குழந்தையைத் தாண்டி
லேப்டாப்பைத் தேடுகிறதா,
போர்வைக்குள் திரும்பிவிட்டதா?
பச்சை வரும்வரை
இன்னொரு கண்ணையும் திறந்துகொண்டு
படுத்திருந்தேன்.