ஆறு திருகாணி

துலூத் நகரம். ஜனவரி. அதிகாலை மூன்றேகால்.
படிவத்தில் இரண்டு கட்டம்:
எதிர்த்தார். எதிர்க்கவில்லை.
பேனா மை இன்னும் இளகவில்லை.

பெட்ரோல் பங்க் வாசலில்
குடித்துவிட்டு பம்பை உதைத்தார் ஆர்வில் டெஸ்மர்.
உதைத்தது உண்மை.
இடக்கையைப் பின்னால் கொண்டுவா என்றேன்.
வரவில்லை.
எதிர்க்காதே, எதிர்க்காதே என்று கத்தினேன்,
சட்டைக் கேமராவில் பதியும்படி,
பயிற்சியில் பழக்கித்தந்த அதே குரலில்.

அவர் ஏதோ சொன்னார்.
கன்னம் அழுந்திக் கிடந்ததால்
பாதிச் சொல் பனிக்குள் போயிற்று.
என் முழங்கால் அவர் தோள்பட்டையில்.
அப்போது ஒரு சத்தம்:
உறைந்த ஏரியில் முதல் விரிசல் விடுமே,
அது.

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டினார்கள்.
தோளில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
தாதுக்கப்பலிலிருந்து விழுந்து பதினோரு வருஷமாம்.
அன்றுமுதல் அந்தக் கை
முதுகுப் பக்கம் போனதே இல்லையாம்,
கோட்டு மாட்டிவிட மனைவி வேண்டுமாம்.

சார்ஜென்ட் எட்டிப் பார்க்கிறார்:
"எதிர்த்தார்னு போட்டுட்டு வீட்டுக்குப் போ, கெர்ஸ்டின்."

பொய் என்று சொல்லிவிட முடியாது.
ஏதோ ஒன்று எதிர்க்கத்தான் செய்தது.

அவர் போனபின்
என் இடக்கையை மெதுவாக
முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறேன்.
மறுபடியும்.
எவ்வளவு சுலபமாகப் போகிறது.